மருந்துக்கு முன் வடிகால்: வாழையின் வேர் ஏன் அழுகுகிறது?



"வாழையடி வாழையாக" என்று நாம் வாழ்த்துகிறோம். தாய் மரம் தார் ஈன்று மடிந்தாலும், அதன் அடியிலிருந்து கன்று எழும்பி வளர்கிறது. அந்தத் தொடர்ச்சிக்கு ஆதாரமாக இருப்பவை தாரும் இலையும் அல்ல. மண்ணுக்குள் மறைந்திருக்கும் கிழங்கும் அதன் வேர்களுமே. வேர் அழுகிப்போனால் அந்த வாழ்த்தும் பொய்த்துப்போகும்.

வாழை வாடி நின்றவுடன் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இதற்கு என்ன மருந்து ஊற்றலாம்?" என்பதே. அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி, "இங்கே தண்ணீர் எவ்வளவு நேரம் தேங்கி நிற்கிறது?" என்பது. வேர் அழுகலைத் தடுப்பது முதலில் வடிகால் பற்றிய பிரச்சினை. மருந்து அதற்குப் பிறகுதான். இதுவே என் கருத்து. பௌதிகம் கற்பிப்பவனுக்கு வாழைத் தோட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேர் அழுகலின் தொடக்கம் பெரும்பாலும் உங்கள் பௌதிகப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனைக் காட்டுவதற்காகவே இக்கட்டுரை.

அரியலூர் மாவட்டத்தில் திருமானூரை ஒட்டிய கொள்ளிடக் கரையில் வாழை பயிராகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றோர வாழைத் தோட்டங்கள் பல நீரில் மூழ்கின. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் களிமண் மிகுந்த கரிசல் நிலமும் பரந்து கிடக்கிறது. அங்கே வெள்ளம் வரவேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையே நீரைத் தேக்கிவிடும். அதைத் தொடர்ந்து மார்கழிக் குளிரும் வந்து சேரும். வாழை ஏறத்தாழ ஓராண்டுப் பயிர். அது பாதியில் விழுந்தால், ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பும் வாங்கிய கடனும் அதோடு சேர்ந்து விழுகின்றன. ஆகவே இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

வேரும் சுவாசிக்கிறது

இலை சுவாசிப்பதை நாம் அறிவோம். வேரும் சுவாசிக்கிறது என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். வேர் வளர்வதற்கும், உப்புக்களை உள்ளே இழுப்பதற்கும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைச் சர்க்கரையிலிருந்து பெற ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் மண் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளின் வழியாகவே வேரைச் சென்றடைகிறது. நல்ல மண்ணில் இந்த இடைவெளிகளில் ஒரு பகுதி நீராலும் மறுபகுதி காற்றாலும் நிரம்பியிருக்கும். நீர் தேங்கினால் காற்று இருந்த இடத்தையும் நீரே பிடித்துக்கொள்கிறது.

"நீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கிறதே, மீன் வாழவில்லையா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடியது சுமார் 7.5 மில்லிகிராம்தான். காற்றோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. இது முதற் குறை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஊதுவத்தியின் மணம் அறையெங்கும் பரவுவதைப் போல, ஆக்சிஜன் மூலக்கூறுகளும் மிகுதியான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பரவுகின்றன. இதனை விரவுதல் என்று படித்திருப்பீர்கள். காற்றில் விரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாக விரவுகிறது. காற்றில் 1 சென்டிமீட்டர் தொலைவை ஆக்சிஜன் கடக்க இரண்டு மூன்று விநாடி போதும். அசையாத நீரில் அதே தொலைவுக்கு ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகிறது. விரவுதலில் தொலைவு 10 மடங்கானால் காலம் 100 மடங்காகும். அதாவது, 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அசையாத நீரின் வழியே ஆக்சிஜன் இறங்க ஏறத்தாழ ஒரு மாதம்! வாழையின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 30, 40 சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. அவ்வளவு காலம் எந்த வாழைவேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்?

ஓடும் நீரில் மீன் வாழ்வது இதனால்தான். ஓட்டமும் அலையும் காற்றை நீரோடு கலந்துகொண்டே இருக்கின்றன. நெல் தேங்கிய நீரில் வளர்வதற்குக் காரணம் வேறு. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உள்ளன; இலை வாங்கும் காற்று அவற்றின் வழியே வேர்நுனி வரை இறங்குகிறது. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினாலும் அழகான காற்றறைகள் தெரியும். ஆனால் மூழ்கிய வேரின் நுனிவரை போதிய காற்றை இறக்கும் வசதி நெல்லுக்கு இருப்பதுபோல் வாழைக்கு இல்லை.

தண்ணீரில் நின்றுகொண்டே தாகம்

ஆக்சிஜன் கிடைக்காத வேர் உடனே சாவதில்லை. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்துச் சிறிது ஆற்றலைப் பெற முயல்கிறது. இதில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். கழிவாக ஆல்கஹால் சேருகிறது. உயிரணுக்களின் சவ்வு தளர்ந்து, உள்ளிருக்கும் சர்க்கரை மண்ணுக்குள் கசிகிறது. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் அது விருந்துக்கு அழைப்பு விடுத்தது போலாகிறது. அழுகல் அதன் பிறகே தொடங்குகிறது. கிருமி விருந்தாளிதான், கதவைத் திறந்துவிட்டது தேங்கிய நீர்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. எனவே காலடியில் நீர் இருந்தும் இலைகள் தொங்குகின்றன. பார்ப்பவர், "செடிக்குத் தண்ணீர் போதவில்லை" என்று எண்ணி மேலும் நீர் பாய்ச்சுகிறார். நோயைத் தீர்ப்பதாக நினைத்து நோயையே ஊட்டும் செயல் இது. இலை வாடினால் முதலில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மடையைப் பிறகு திறக்கலாம்.

குளிர் என்ன செய்கிறது?

வாழை வெப்ப நாட்டுப் பயிர். 26 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பநிலையில் செழித்து வளரும். 16 டிகிரிக்குக் கீழே புதிய இலை வருவது ஏறக்குறைய நின்றுவிடும். நம் சமவெளியில் மார்கழி இரவுகூட 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் 1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பித் தோட்ட நிழலில் விருப்பாட்சி வாழை வளர்வது அத்தகைய உயரத்தில்தான். பீகாரின் ஹாஜிப்பூர் வாழைத் தோட்டங்கள் குளிர்காலத்தில் 10 டிகிரிக்குக் கீழான இரவுகளையும் காண்கின்றன. இலண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறிய தமிழர் சிலர் தொட்டியில் வாழை வளர்த்து, பனிக்காலத்தில் அதனை வீட்டுக்குள் எடுத்து வைக்கிறார்கள்.

குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். குளிரில் வேரின் சுவாசமும் மந்தமாகும். அவ்வாறெனில் குளிர் வேருக்கு நன்மையல்லவா செய்ய வேண்டும்? குளிர் மட்டும் வந்தால் ஓரளவு அப்படித்தான். தீங்கு, குளிரும் ஈரமும் ஒன்று சேரும்போது நிகழ்கிறது. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, ஆவியாதல். 30 டிகிரியில் தெவிட்டிய ஆவியழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். 15 டிகிரியில் சுமார் 13 மட்டுமே. ஈரப்பதமும் காற்றோட்டமும் ஒன்றாக இருந்தால், வெயில் நாளில் இரண்டு நாளில் உலரும் மண், குளிரில் உலர ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். மூடுபனி இருந்தால் இன்னும் தாமதம்.

இரண்டாவது, நீரின் பாகுநிலை. குளிர்ந்த எண்ணெய் மெதுவாக ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். நீரும் அப்படியே. 10 டிகிரி நீர், 30 டிகிரி நீரைவிட 1.6 மடங்கு பாகுத்தன்மை கொண்டது. மண்ணின் துளைகளின் வழியே அது வடிவதற்கும் அந்த அளவு நேரம் கூடுதலாகும்.

மூன்றாவது, செடியே குடிப்பதை நிறுத்திவிடுகிறது. இலை வளர்வதில்லை, நீராவிப் போக்கு குறைகிறது. கோடையில் நாள்தோறும் பல லிட்டர் நீரை மண்ணிலிருந்து இறைத்துக்கொண்டிருந்த இயந்திரம் இப்போது ஓய்வெடுக்கிறது. புதிய வேர்களும் முளைப்பதில்லை. ஆகவே அழுகிய வேருக்கு ஈடு செய்ய வழியில்லை.

ஆகக் குளிர்காலத்தில் நீர் உள்ளே வரும் வழி திறந்திருக்கிறது. வெளியேறும் வழிகள் மூன்றும் குறுகிவிடுகின்றன. கோடையில் பாய்ச்சிய அதே அளவை அதே நாள் கணக்கில் பாய்ச்சுகிறவர், தம்மை அறியாமலே வேரை மூழ்கடிக்கிறார்.

ஸ்பாஞ்சு சொல்லும் பாடம்

செங்கல் வடிவிலுள்ள ஒரு ஸ்பாஞ்சை நீரில் முழுதும் நனைத்து, படுக்கைவாட்டில் தட்டையாகப் பிடியுங்கள். நீர் சொட்டிச் சொட்டி நின்றுவிடும். இப்போது பிழியாமல் அதனை மெல்லத் திருப்பி நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். மறுபடியும் நீர் சொட்டும்! நீங்கள் எதையும் சேர்க்கவில்லை, உயரத்தைத்தான் கூட்டினீர்கள்.

நுண்புழைகள் நீரைப் பிடித்து நிறுத்தும் உயரம் அவற்றின் ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் அரை மில்லிமீட்டரானால் சுமார் 3 சென்டிமீட்டர் நீரே நிற்கும். ஆரம் 0.01 மில்லிமீட்டரானால் 150 சென்டிமீட்டர் வரை நிற்கும். ஆகவே எந்த மண்ணிலும் வடிகாலுக்கு மேலே ஒரு பகுதி எப்போதும் நீர் செறிந்தே இருக்கும். ஆழமற்ற தொட்டியில் அந்தப் பகுதியே பாதித் தொட்டியாகிவிடும். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் வடிகால் நன்றாகும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. நீர் செறிந்த பகுதி கூழாங்கல்லுக்கு மேலே ஏறி நிற்குமேயன்றி மறைந்துவிடாது. ஆழமான தொட்டியும், பொலபொலப்பான மண்ணும், அடியில் துளையுமே தேவை. தட்டில் தேங்கும் நீரை ஊற்றிவிட வேண்டும்.

வயலுக்கும் இதுவே விதி. மேட்டுப் பாத்தியில் வாழை நடுவது ஸ்பாஞ்சை நிமிர்த்திப் பிடிப்பதற்கு ஒப்பாகும். மலைச்சரிவில் நிற்கும் வாழைக்கு இந்த உதவியை இயற்கையே செய்துவிடுகிறது. ஆனால் கரிசலில் வாய்க்கால் மட்டும் வெட்டினால் போதாது. களிமண்ணின் நுண்ணிய துளைகள் வாய்க்கால் இருந்தும் நீரை விடமாட்டா. நனைந்தால் உப்பி, இருந்த வெடிப்புகளையும் மூடிக்கொள்ளும். அங்கே தொழு உரமும் மட்கும் இட்டு, மண் துகள்கள் சிறு கட்டிகளாகத் திரளச் செய்ய வேண்டும். கட்டிகளுக்கு இடையே உண்டாகும் பெரிய துளைகளே நீருக்கு வழியும் வேருக்குக் காற்றும் ஆகின்றன. மண்புழு இலவசமாகச் செய்யும் வேலையும் இதுவே. ஈரமான கரிசலை உழுது மிதித்து இறுக்கினால் இந்தத் துளைகள் எல்லாம் நசுங்கிப்போகும்.

எல்லா வாட்டமும் ஒன்றல்ல

நிற்க. வடிகால் ஒன்றே எல்லாப் பிணிக்கும் தீர்வு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது, மருந்து ஒன்றே போதும் என்பதைப் போன்ற தவறாகும்.

இரஸ்தாளியைப் பெரிதும் தாக்கும் வாடல் நோய், ஃபுசேரியம் என்னும் பூஞ்சையால் வருவது. அது மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கக்கூடியது. அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி மடிந்து தொங்கும். அடிமரத்தை வெட்டினால் செம்பழுப்பு நிறப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் என்னும் வாழை வகையை 1960ஆம் ஆண்டுகளுக்குள் வணிகத்திலிருந்து விரட்டியது இந்நோய்தான். பாக்டீரியாவால் வரும் கிழங்கு அழுகலில், மரத்தை இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிட, மேற்பகுதி மட்டும் நாற்றத்துடன் கையோடு வரும். நூற்புழு துளைத்த வேரில் செம்பழுப்புத் தழும்புகள் இருக்கும். விருப்பாட்சி வாழையைப் பேரளவில் அழித்த முடிக்கொத்து நோயோ, அசுவினி பரப்பும் வைரஸ். வேரோடு தொடர்பே இல்லை.

நீர் தேங்கியதால் மட்டும் வந்த அழுகலில் வேர் கறுத்து மெதுவாகி, மேல்தோல் கையோடு உரிந்து நடுநரம்பு நூல்போல் நிற்கும். அடிமரத்தின் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் இரா. நலமான இளவேர் வெண்மையாகவும் விறைப்பாகவும் இருக்கும்.

பிரித்தறிய இயலாதபோது தோட்டக்கலை அலுவலரைக் கேட்பதே முறை. நம் அண்டை மாவட்டமான திருச்சிராப்பள்ளியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது. என்ன நோய் என்று அறியாமலே கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் புட்டியை வாங்கி வேரில் ஊற்றுவது, தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை விழுங்குவதற்குச் சமம். பூஞ்சைக்கொல்லி பூஞ்சையைக் கொல்லலாம். மண்ணுக்குள் காற்றைக் கொண்டுவர அதனால் ஆகாது.

வருமுன் காத்தல்

செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி சொல்கிறேன். நோயற்ற தாய் மரத்திலிருந்தே கன்று எடுக்க வேண்டும். கிழங்கில் ஒட்டியுள்ள பழைய வேர்களையும் அழுகிய பகுதிகளையும் சீவிவிட்டு நட வேண்டும். நடும்போது சூடோமோனாஸ் போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்களை இடலாம். தாழ்ந்த நிலமானால் மேட்டுப் பாத்தியும், வேர் மண்டலத்தைவிட ஆழமான வடிகால் வாய்க்காலும் வேண்டும். அந்த வாய்க்காலின் கடைசி முனை எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். போக்கிடம் இல்லாத வாய்க்கால் ஒரு நீண்ட குட்டையே. குளிர் நாள்களில் நாட்காட்டியைப் பார்த்து நீர் பாய்ச்சாமல், விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். மேல்மண் 5 சென்டிமீட்டர் அளவு உலரும்வரை பொறுக்கலாம். மூடாக்கு இட்டால் அது அடிமரத்தை ஒட்டி ஈரமாகக் கிடக்கக் கூடாது. வாழைக்குப் பின் நெல் பயிரிட்டால் நூற்புழுக்கள் குறையும். வெள்ளம் வந்துவிட்டால், அது வடிந்த அன்றே தேங்கிய நீருக்கு வழி வெட்டுவது முதல் வேலை. உரமும் மருந்தும் பிறகு.

வடிகாலுக்கு ஆளும் கூலியும் வேண்டும், மருந்துப் புட்டி எளிதல்லவா என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அடுத்த வயல்காரர் இசையாவிட்டால் வடிகால் வெட்டவும் முடியாது. ஆனால் புட்டியை ஒவ்வொரு மழைக்கும் வாங்க வேண்டும். வாய்க்காலை ஒருமுறை வெட்டிப் பேணினால் போதும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலையைத் தனித்தனிப் புட்டிகளால் ஈடுசெய்ய முடியாது என்பதே என் வாதம்.

உங்கள் பங்கு

நீங்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ, மரத்தின் வேருக்கு எட்டாத இடத்தில், 30 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் ஆழமும் உள்ள குழி ஒன்று தோண்டுங்கள். நீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஓர் அளவுகோலை நிறுத்தி, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று குறியுங்கள். 2.5 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் அந்த மண்ணில் வாழைக்கு வடிகால் போதாது. பார்த்தபின் குழியை மூடிவிட மறக்காதீர்கள். மணற்பாங்கான கொள்ளிடக் கரையிலும், கரிசலிலும், செம்மண்ணிலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிட்டால், வகுப்பறையில் கிடைக்காத ஒரு பாடம் கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் செய்து பார்த்தால் இன்னும் நல்லது.

விரவுதல், நுண்புழை ஏற்றம், பாகுநிலை, ஆவியழுத்தம் ஆகிய நான்கும் தேர்வுக்கு வரும் ஐந்து மதிப்பெண் வினாக்களாக மட்டும் நம் பள்ளிகளில் வாழ்கின்றன. பக்கத்து வயலில் அவை வாழையை வாழவைக்கின்றன, அல்லது சாகடிக்கின்றன. பௌதிகம் ஒரு மேசையிலும் தாவரவியல் வேறொரு மேசையிலும் அமர்ந்திருக்கும்வரை, விவசாயி கடைக்காரரின் புட்டியையே நம்ப வேண்டியிருக்கும். அந்த இரண்டு மேசைகளையும் வயல் வரப்பில் ஒன்று சேர்க்கும் ஆற்றல் உங்களிடம் இருக்கிறது. ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம், ஒரு மண்வெட்டி: தொடங்குவதற்கு இவை போதும்.